பழைய எஸ்2000: ஐந்து வருடமும் ஒரு போல்ட்டும்

2001 மாடல் ஹோண்டா எஸ்2000, துணிக்கூரை வைத்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 84,000 மைல் ஓடியிருந்தது. 2019-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வாங்கினேன். "ரெண்டு பேர் உட்கார்ற வண்டிக்கு இவ்வளவா?" என்று வீட்டில் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் உருப்படியான பதில் இல்லை.

டர்போ இல்லாத 2 லிட்டர் இன்ஜினில் 240 குதிரைத்திறன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அது கிடைப்பது இன்ஜின் நிமிடத்துக்கு 8,300 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போது. 6,000 வாக்கில் விடெக், அதாவது வேகமான சுற்றில் வால்வுகளைக் கூடுதலாகத் திறந்துவிடும் ஹோண்டாவின் ஏற்பாடு, விழிக்கும்வரை வண்டி சாது. ஃப்ரீவேயில் மினிவேன்கூட முந்திக்கொண்டு போகும். முதல் டெஸ்ட் டிரைவில் நானும் 4,000-த்திலேயே கியர் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, 'இதற்கா இத்தனை பேச்சு' என்று திரும்பி வந்தவன்தான். இன்னொரு நாள் மூன்றாவது கியரில் மிதித்துப் பிடித்தேன். அப்புறம் பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

பெயிண்டைப் பார்த்து மயங்கியது என் தப்பு. வண்டி நாலு வருடம் பனி கொட்டும் ஒஹாயோவில் இருந்ததாக, அதன் பூர்வீகம் சொல்லும் ரிப்போர்ட்டிலேயே இருந்தது. மதுரை வெயிலில் வளர்ந்தவனுக்குப் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள் என்பது எங்கே உறைக்கும்? அந்த உப்பு துருவேற்றும் என்பது வீல் அலைன்மென்டுக்கு விட்ட அன்றுதான் தெரிந்தது. பின்சக்கரக் கோணத்தைத் திருத்தும் போல்ட், அது நுழைகிற ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஆயில் அடித்துப் பார்த்தார், சூடுகாட்டிப் பார்த்தார், கடைசியில் அறுத்தே எடுத்தார். புது போல்ட், புஷ், கூலி என்று 1,100 டாலர்.

அந்தப் பணத்தை நான் இன்னும் குறை சொல்லவில்லை. 2004-க்கு முந்தைய மாடல்களில் பள்ளம் மேட்டில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது டோ கோணம், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கூடுதலாகவே மாறும். பிறகு வந்த வண்டிகளில் அதைக் குறைத்தார்கள். என் வண்டியில், சறுக்கும்போது தானே பிரேக் போட்டுத் திருத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கிடையாது. ஈர ரோட்டில், வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வால் சுற்றிக்கொண்டு வரும். லா ஹோண்டா தாண்டி சான் கிரிகோரியோ போகிற 84-ம் நம்பர் ரோட்டில், வானுயர்ந்த ரெட்வுட் மரங்களுக்கு அடியில் காயாத ஈரத்தில், ஒருமுறை பாதி சுற்றினேன். நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை.

அதனால் அடுத்த செலவு டயர். ஒரிஜினல் 16 அங்குலத்தில் நல்ல சம்மர் டயர் தேடி அலுத்து, பின்வந்த மாடலின் 17 அங்குல வீலுக்கு மாறினேன்: டயர் அகலம் முன்னால் 215 மில்லிமீட்டர், பின்னால் 245. குலுக்கல் கொஞ்சம் கூடியது; ஸ்டீயரிங் மீது நம்பிக்கை அதைவிடக் கூடியது.

இதற்கெல்லாம் முன்பே, ஆசையில் முதல் மாதமே, இன்ஜினுக்குக் காற்று இழுக்கிற குழாயை மாற்றி வெளிக்கம்பெனி இன்டேக் மாட்டியிருந்தேன். சத்தம் அருமை. சக்தி ஏறியதாக நானே சொல்லிக்கொண்டேன். 2021-ல் ஸ்மாக் டெஸ்ட் என்கிற புகைப் பரிசோதனை வந்தது. கலிபோர்னியாவில் புகையை மட்டும் பார்ப்பதில்லை, பானெட்டைத் திறந்தும் பார்ப்பார்கள். என் இன்டேக்கில் மாநில அனுமதி எண் இல்லை. பழையதையே திரும்ப மாட்டினேன். ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 300 டாலர் இன்டேக் இப்போது கேரேஜில் கிரைண்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

கூரையின் பின்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல். மஞ்சளித்து, இரவில் பின்னால் வருவது லாரியா நிலவா என்று தெரியாது. 2002 முதல்தான் கண்ணாடி வந்தது. கூரைத்துணி மடிப்பில் கிழிந்ததும் அதையே சாக்காக வைத்துக் கண்ணாடி வைத்த கூரைக்கு மாறிவிட்டேன். வீட்டில் மனமாரப் பாராட்டு வாங்கிய ஒரே செலவு இதுதான்.

இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிடுவேன். இத்தனை வேகமாகச் சுற்றுகிற இன்ஜினுக்கு ஆயில் குறைந்தால் மன்னிப்பு கிடையாது. இப்போது 1,12,000 மைல். கிளட்ச் பெடல் மேலே பிடிக்க ஆரம்பித்திருக்கிறது; கிளட்ச் தேய்ந்ததற்கு அடையாளம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.