ஏ சீட்டா, கே சீட்டா? சாங்கியில் எந்த ஜன்னல் எதைக் காட்டும்

"சிங்கப்பூர் வரும்போது இடப்பக்கம் உட்காரு, மரினா பே அப்படியே தெரியும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. டிக்கெட் போட்டுத் தருகிறவர்கூட அடித்துச் சொல்வார். ஆண்டில் சில மாதங்களுக்கு அது சரிதான். மற்ற மாதங்களில் அதை நம்பிக் கூடுதல் காசு கட்டி ஏ சீட் வாங்கியவருக்கு மலேசியாவின் ஜொகூர் ஆற்று முகத்துவாரமும் ஒரு காட்டுத் தீவும்தான் மிஞ்சும்.

இடமா வலமா என்பதைத் தீர்மானிப்பது காற்று. விமானங்கள் எதிர்காற்றைப் பார்த்தே ஏறும், எதிர்காற்றைப் பார்த்தே இறங்கும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஓடுபாதைகள் வடக்கு தெற்காக, கொஞ்சம் வடகிழக்கே சாய்ந்து கிடக்கின்றன. வடக்கு முகமாக ஓடினால் பாதையின் எண் 02, தெற்கு முகமாக ஓடினால் அதே பாதைக்கு 20. திசைமானியில் 20 பாகை, 200 பாகை என்பதன் சுருக்கம் அது. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று, ஆகவே பெரும்பாலும் 02: கடல் பக்கமிருந்து வந்து இறங்குவார்கள், ஜொகூர் பக்கமாக ஏறிப் போவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, அப்போது எல்லாம் தலைகீழ். பொங்கலுக்கு ஊர் போய் வருகிறவரும் ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் வருகிறவரும் ஒரே ஏ சீட்டில் உட்கார்ந்தாலும் பார்ப்பது வேறு வேறு ஊர்.

ஏ என்றால் எந்த விமானத்திலும் இடது ஜன்னல். வலது ஜன்னல் சின்ன விமானத்தில் எஃப், அகலமான விமானத்தில் பெரும்பாலும் கே.

கடல் வழியாக இறங்கினால்

இங்கே போட்டியே கிடையாது, இடப்பக்கம்தான். ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஓடுபாதைக்கு நேராக விமானம் வந்த பிறகு நகரம் பக்கவாட்டில் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் விமானத்தின் உயரம் ஐந்நூறு மீட்டர் சொச்சம். மூன்று கோபுரம் கொண்ட மரினா பே சாண்ட்ஸ் ஓட்டல் கட்டடமே ஏறத்தாழ 200 மீட்டர். அதனால் குனிந்து கீழே பார்க்கிற காட்சி கிடைக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் கட்டடங்கள் வரிசை கட்டி நிற்பதை அநேகமாகக் கண்மட்டத்தில் பார்ப்போம். கைப்பேசியில் எடுத்தால் மூன்று கோபுரமும் சேர்ந்து ஒரு சுண்டுவிரல் நகத்தளவுதான் வரும்.

இவ்வளவு தள்ளித் தெரிவது தற்செயல் அல்ல. 1937 முதல் 1955 வரை விமான நிலையம் காலாங்கில், நகரத்தை ஒட்டியே இருந்தது. பிறகு பாய லேபார். அதைச் சுற்றியும் ஊர் வளர்ந்துவிட, தலைக்கு மேல் இரைச்சல் இல்லாமல் கடலுக்கு மேலேயே விமானங்கள் வந்து போகட்டும் என்று சாங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1981ல் சாங்கி திறந்தது. ஊர்க்காரர்களின் தூக்கத்துக்காக நாம் கொடுக்கும் விலை அந்தப் பத்துக் கிலோமீட்டர்.

எதைத் தேடுவது? எல்லாரும் சாண்ட்ஸைத் தேடுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் தேட வேண்டியது தேசிய விளையாட்டரங்கம். 310 மீட்டர் அகலக் கூரை, அதுவும் வெண்மை, குவிமாட வடிவம். மங்கலான நாளிலும் அது தப்பாது. அதைப் பிடித்துவிட்டால், அதற்கு இடப்பக்கமாகக் கண்ணை ஓட்டினால் 165 மீட்டர் ராட்டினமான சிங்கப்பூர் ஃபிளையர் மெல்லிய வளையமாகத் தெரியும். வானம் வெளுப்பாக இருக்கும்போது அந்த வளையம் கரைந்துவிடும், தேடிச் சலிக்க வேண்டாம். அதற்கும் அப்பால் சாண்ட்ஸ், மூன்று தூண்மேல் கிடத்திய பலகை மாதிரி. அதன் காலடியில் கரையோரப் பூந்தோட்டங்களின் இரண்டு கண்ணாடிக் கூடங்கள். டுரியான் பழம் போல முள்முள்ளாகக் கூரை போட்ட எஸ்பிளனேட் கலையரங்கத்தை இந்த வழியில் பார்த்ததாக யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

நகரம் பின்னால் போன பிறகு பலர் ஜன்னலை விட்டுத் திரும்பி, காலணியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் நெருக்கமான காட்சி அப்போதுதான் தொடங்குகிறது. ஈஸ்ட் கோஸ்ட் கரை முழுவதும் 1966 முதல் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். அலைத்தடுப்புகளுக்கு நடுவே மணல் பிறை பிறையாக உள்வாங்கியிருக்கும், இயற்கைக் கரை இப்படி அளவெடுத்து வளையாது. பிடோக் ஜெட்டி கடலுக்குள் நீட்டிய ஒற்றைக் கோடு. அதற்குப் பின்னால் பச்சை, பச்சைக்குப் பின்னால் விரைவுச்சாலை, அப்புறம் அடுக்குமாடிகள்.

வலப்பக்கத்துக்குக் கிடைப்பது சிங்கப்பூர் நீரிணையும் பாத்தாம் தீவும். இரண்டாம் இடம்தான், ஆனால் வெறும் கை இல்லை. நங்கூரமிட்ட கப்பல்கள் எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பி நிற்பதைக் கவனியுங்கள். நீரோட்டமும் காற்றும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கேற்பத் திரும்பியிருக்கும். சரக்கில்லாத கப்பல் உயரமாக மிதப்பதால் அடிவயிற்றுச் சிவப்புச் சாயம் வெளியே தெரியும், சரக்கேற்றியது தாழ்ந்து கிடக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தால் தரையைத் தொடும் வரை பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள்.

ஜொகூர் வழியாக இறங்கினால்

இந்தக் காட்சிக்குப் புகழ் குறைவு. எனக்கு இதுதான் பிடிக்கும். நகரம் இல்லை, ஆனால் தரை மிக அருகில். வலது ஜன்னலில் புலாவ் உபின். தீவுக்குள் பச்சையும் நீலமுமாகத் தேங்கிக் கிடக்கும் குளங்கள் எல்லாம் பழைய கருங்கல் குவாரிகள். 1851ல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் பின்னால் ஜொகூர் கடற்பாலத்துக்கும் கல் போனது இந்தத் தீவிலிருந்து. உபினின் கிழக்கு முனையில், சதுப்புக்கும் கடலுக்கும் நடுவே செக் ஜாவா நடைபாலம் வளைந்து போவது நல்ல வெளிச்சத்தில் தெரியும். நீரிணையில் சதுரம் சதுரமாக மிதப்பவை மீன் பண்ணைகள். மரச்சட்டம், கீழே வலை, ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. தாழ்வாக வரும்போது படகு கட்டியிருப்பதுகூடத் தெரியும்.

இடது ஜன்னலில் புலாவ் தேக்கோங், ஏறக்குறையக் காலடியில். மற்றவர்களுக்கு அது மரம் அடர்ந்த ஒரு தீவு. தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, பிள்ளையை அனுப்பியவர்களுக்கு அப்படி இல்லை. பக்கத்து சீட் அக்கா ஒருவர் கண்ணாடியில் விரலை வைத்து, "தம்பி, என் பையன் இங்கதான் இருக்கான், போன வாரம்தான் மொட்டை அடிச்சாங்க" என்றார். அந்த நேரத்தில் மரினா பே தெரிந்திருந்தாலும் அவர் திரும்பியிருக்க மாட்டார். தேக்கோங்கின் ஓரத்தில் கரை கட்டி, தண்ணீரை வெளியேற்றி, கடல் மட்டத்துக்கும் கீழே நிலம் உண்டாக்கும் வேலை நடந்த பகுதியையும் பாருங்கள். நெதர்லாந்துக்காரர்களின் முறை. சிங்கப்பூரில் அதுதான் முதல்.

இரண்டில் ஒன்று என்றால் வலம். வீட்டில் தேசிய சேவைப் பையன் இருந்தால் இடம்.

ஏறும்போதா, இறங்கும்போதா

இறங்கும்போது நேரம் அதிகம், உயரம் குறைவு. ஏறும்போது நேரம் குறைவு, உயரம் சட்டென்று கூடும். படம் எடுக்க இறக்கம் நல்லது, ஊரின் அமைப்பு புரிய ஏற்றம் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கு முகமாகக் கடல்மேல் ஏறும்போது வலப்பக்கம் உட்கார்ந்தவருக்கு அதே நகரம், அதே தூரத்தில், ஆனால் இன்னும் உயரத்திலிருந்து கிடைக்கும். கரையின் வளைவு, மரினா அணைக்கு உள்ளே நன்னீர், வெளியே உப்புநீர், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்று அப்போதுதான் பிடிபடும். மேகம் குறுக்கே வராத வரைக்கும், விமானம் வளையாத வரைக்கும்.

வளைவு என்றதும் ஒன்று: எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்க இறக்கை தாழும், அந்த ஜன்னலில் தரை முழுவதும் தெரியும். எதிர்ப்பக்கத்துக்கு வெறும் வானம். டிசம்பர், ஜனவரியில் வடக்கே ஏறிய விமானம் திருச்சிக்கோ சென்னைக்கோ போக எப்படியும் இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். ஆக அந்த மாதங்களில் ஊருக்குப் போகிறவருக்கும் ஏ சீட்டே மேல்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நடு ஓடுபாதையிலிருந்து வடக்கே கிளம்பினால் ஜுவல் வணிக வளாகமும் பழைய முனையங்களும் இடப்பக்கம், ஐந்தாம் முனையத்தின் வேலைத்தளம் வலப்பக்கம். 2025 மே மாதம் பூமி பூஜை போட்ட வேலை, ஆண்டுக்கு 5 கோடிப் பயணிகளைத் தாங்கும் அளவுக்குத் திட்டம். திருச்சி விமானத்தில் அந்தப் பக்க ஜன்னல்களில் நெற்றிகள் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். "அண்ணே, அந்த மஞ்சள் கிரேன் தெரியுதா, அதுக்குக் கீழதான் நம்ம வேலை" என்று ஒருவர் காட்ட, "எதுடா, எல்லாமே மஞ்சளாத்தான் இருக்கு" என்று இன்னொருவர் கழுத்தை நீட்டுவார். சுற்றுலாப் பயணி படம் எடுக்காத அந்தச் செம்மண் வெளிதான் அவர்களுக்கு ஊரின் அடையாளம்.

பகலா, இரவா

தமிழ்நாட்டிலிருந்து வரும் இரவு விமானங்கள் பல விடியுமுன்பே இறங்கிவிடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும், 6 மணி என்றால் நல்ல இருட்டு. இருட்டில் கட்டடங்களைவிடக் கப்பல்களே அழகு. கடலில் இன்னொரு ஊர் விளக்கேற்றி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும், இடம் வலம் என்ற பேதமும் குறையும். ஜொகூர் வழியாக வந்தால் இடப்பக்கம் தூரத்தில் பெங்கராங் எண்ணெய் ஆலையின் விளக்குகள் தெரியும். இறங்குவதற்கு முன் உள்விளக்கை மங்க வைப்பார்கள். அப்போதும் கண்ணாடியில் உங்கள் முகமே தெரிந்தால் ஜன்னலைச் சுற்றிச் சால்வையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பகலில் காலை வெளிச்சம்தான் உசத்தி, கிழக்கிலிருந்து விழுந்து நகரத்தின் முகத்தைத் துலக்கும். மாலையில் சூரியன் நகரத்துக்குப் பின்னால் போய்விடுவதால் கட்டடங்கள் கறுப்பு நிழல்தான், அந்தச் செக்கர் வானம் பிடிக்குமென்றால் சரி. மழை குறைந்து காற்று வீசும் பிப்ரவரிக் காலையில் கடல் வழியாக இறங்குவதற்கு ஈடாக நான் வேறெதையும் சொல்ல மாட்டேன்.

வரிசையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இறக்கைக்கு மேல் உட்கார்ந்தால் எந்தப் பருவமும் உதவாது. இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. பின்னால் என்றால் எஞ்சின் விடும் வெப்பக்காற்றில் காட்சி நெளியும். ஜன்னல் சீட் என்று விற்று, அங்கே வெறும் சுவர் இருக்கிற வரிசைகளும் சில விமானங்களில் உண்டு.

சிக்கல் தீபாவளிக்குத்தான். அக்டோபர், நவம்பரில் காற்று எந்தப் பக்கமும் நிலையாக வீசாது, காலையில் ஒரு திசை, மாலையில் ஒரு திசை. அந்த மாதங்களில் முன்கூட்டியே காசு கட்டி சீட் பிடிப்பது வீண். ஆன்லைன் செக்-இன் செய்யும்போது, முந்தின நாள் இதே நேரத்தில் விமானங்கள் எப்படி இறங்கின என்று ஃபிளைட்ரேடார்24 செயலியில் பாருங்கள். கடல் பக்கமிருந்து வந்திருந்தால் ஏ, ஜொகூர் பக்கமிருந்து வந்திருந்தால் எஃப் அல்லது கே. அதற்குள் ஜன்னல் எல்லாம் போய்விட்டதென்றால் நடைவழி சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குடிநுழைவு வரிசைக்காவது முந்தலாம்.