மன்னாருக்கு ஆட்டம் பார்க்கப் போதல்: பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா, ஹயஸா?

கிளிநொச்சியிலிருந்து மன்னாருக்கு உதைபந்தாட்டம் பார்க்கப் போவது பெரிய வேலை இல்லை. திரும்பி வருவதுதான் வேலை. இது பிடிபட எனக்கு நாலைந்து பயணங்கள் தேவைப்பட்டன.

விடியற்காலையில் எந்த வாகனமும் நல்ல வாகனம்தான். எல்லாரும் குளித்து, கழக ஜேர்சி போட்டு, ஏற்கெனவே வென்றுவிட்ட முகத்தோடு ஏறுகிறார்கள். ஆட்டம் முடிந்து, பொழுதுபட்டு, தொண்டை கட்டி, பல நேரம் தோற்றும்போய் மைதான வாசலில் நிற்கும்போதுதான் எதில் வந்தோம் என்பது உறைக்கும். அதனால் பஸ், ரயில், மோட்டார் சைக்கிள், வாடகைக்குப் பிடிக்கும் ஹயஸ் வான் நான்கையும் திரும்பி வரும் நேரத்தை வைத்தே அளந்திருக்கிறேன்.

முதலில் பாதை. ஒன்று, பரந்தனில் மேற்கே திரும்பிப் பூநகரி போய், அங்கிருந்து ஏ-32 வீதியில் முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று கரையோரமாக இறங்குவது. நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். மற்றது, ஏ-9 இல் வவுனியா போய், மடுச்சந்தி, முருங்கன் வழியாக மன்னாரைப் பிடிப்பது. இது நாற்பது ஐம்பது கிலோமீற்றர் கூட. மாங்குளத்தில் திரும்பி மல்லாவிப் பக்கத்தால் வெள்ளாங்குளத்தில் ஏறுகிறவர்களும் உண்டு. அது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் சரி.

கணக்குப் பார்த்தால் பூநகரிப் பாதைதான் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் பூநகரிப் பாதையில் முறிகண்டி இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வெளியூர் ஆட்டத்துக்குப் போகக்கூடாது என்று எங்கள் கழகத்தில் ஒரு பெரியவர் பிடிவாதமாக நிற்பார். எந்த ஆண்டு உடைத்தோம், எந்த ஆண்டு உடைக்கவில்லை, முடிவு என்ன என்று முழு வரலாறும் அவரிடம் வாய்ப்பாடாக இருக்கிறது. ஒருமுறை அவர் சொல் கேட்டு வவுனியாவைச் சுற்றிப் போனோம். தேங்காய் நன்றாகவே உடைந்தது, கச்சானும் வாங்கிக் கொறித்தோம். மூன்று கோல் வாங்கினோம். அன்றைக்குத் தேங்காய் உடைத்தவனின் கை சரியில்லை என்று அந்தக் கணக்கையும் அவர் சரிசெய்துவிட்டார்.

சரி, பஸ்.

பஸ் மலிவு, அதில் பேச்சில்லை. நமக்கு ஏற்ற நேரத்தில் நேர் பஸ் வாய்த்தால் அதிர்ஷ்டம். வாய்க்காவிட்டால் பூநகரி வாடியடிச் சந்தியில் இறங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் மன்னார் பஸ்ஸை மறிக்க வேண்டும். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் வந்த வசதி இது. ஆனால் அந்த பஸ் யாழ்ப்பாணத்திலேயே நிரம்பிவிடும். பூநகரிக்காரருக்கு மிஞ்சுவது மிதிபலகை. போகும்போது இருபத்தைந்து வயதுக்காரனுக்கு அது ஒரு விளையாட்டு. வரும்போது அதே மிதிபலகை தண்டனை.

இன்னொரு பிரச்சினை நேரம். வெயிலுக்குப் பயந்து ஆட்டத்தைப் பின்னேரம்தான் வைப்பார்கள். நாலு மணி என்று நோட்டீசில் போட்டால் நாலரைக்குத் தொடங்கும், பிரதம விருந்தினர் பிந்தினால் அதுவும் இல்லை. இரண்டு அணியின் வீரர்களோடும் அவர் கைகுலுக்கி முடியுமட்டும் நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு அரையிறுதிக்கு ஐந்து பேர் பஸ்ஸில் போனோம். ஆட்டம் சமநிலை. பெனால்டிக்குப் போனது. நாலாவது உதைக்கு எங்கள் ஆள் பந்தை வைக்கும்போது, "மச்சான், பஸ்" என்றான் ஒருவன். ஓடினோம். மன்னார்ப் பாலத்தில் பஸ் ஏறி, இரண்டு பக்கமும் தண்ணீர் கறுத்துக் கிடக்கும்போதுதான் மைதானத்தில் நின்றவனுக்கு அழைப்பு எடுபட்டது. வென்றுவிட்டோம். பஸ்ஸுக்குள் ஐந்து பேர் கத்தினோம், மற்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. பஸ்ஸில் போகிறவன் பெனால்டி பார்ப்பதில்லை. மின்னொளியில் நடக்கும் இறுதியாட்டம் என்றால் பஸ்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ரயிலை ஒரே பந்தியில் முடித்துவிடலாம். வடக்கு ரயில் 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது, மன்னார்ப் பாதை 2015இல் தலைமன்னார்வரை மறுபடி திறந்தது. இரண்டு தண்டவாளமும் உண்டு, ஆனால் இரண்டும் சேர்வது மதவாச்சிச் சந்தியில். கவட்டைத் தடியின் ஒரு கொம்பில் கிளிநொச்சி, மற்றக் கொம்பில் மன்னார். ஒரு கொம்பால் அடிவரை இறங்கி மற்றதில் ஏற வேண்டும். சுற்றுலாவுக்குச் சரி. ஆட்டம் பார்க்க என்றால் முதல்நாளே கிளம்பி, மறுநாள் வந்து சேரலாம் என்று இருப்பவர்களுக்கு மட்டும்.

மோட்டார் சைக்கிள்தான் எனக்கு நெடுங்காலம் பிடித்திருந்தது. யாரையும் கேட்கத் தேவையில்லை. பெனால்டியையும் பார்க்கலாம், கோப்பை கொடுப்பதையும் பார்க்கலாம், பெரியபாலத்தடியில் நின்று காற்றும் வாங்கலாம். போகவர 220 கிலோமீற்றர் அளவு. நூறு சீசீ சைக்கிளுக்கு நாலைந்து லீற்றர் பெற்றோல். இருவர் பகிர்ந்தால் பெரிய காசில்லை. இந்தக் கணக்கை நான் மறக்காததற்குக் காரணம் 2022. அந்த யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அதாவது மன்னாருக்குப் போய், திரும்பி வரும்போது பூநகரிக்கு முன்னால் எங்கோ வெட்டையில் தள்ளிக்கொண்டு நடக்கிற அளவு. அந்த ஆண்டு வெளியூர் ஆட்டம் என்றால் பக்கத்து ஊர் என்று பொருள்.

மோட்டார் சைக்கிளின் எதிரி இரண்டு. ஒன்று காற்று. ஆட்டங்கள் அதிகம் நடக்கும் மாதங்களில் சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும். ஏ-32 இல் தெற்கே போகும்போது வலக்கன்னத்தில் அறைந்துகொண்டே வரும். திறந்த வெட்டையில் சைக்கிளைச் சரித்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், அது ஒரு சுகம். ஆனால் வரும்போதுதான் இரண்டாவது எதிரி படுத்திருக்கும். கட்டாக்காலி மாடுகள். இரவானால் தாரில் சூடு இருக்கிறது என்று வீதியின் நடுவில் வந்து படுத்து அசைபோடும். கறுப்பு மாடு, கறுப்புத் தார், விளக்கில்லாத வீதி. பின்னால் இருப்பவன் தோல்வியை எண்ணி மௌனமாக இருக்கிறான் என்று நினைத்தால் அவன் நித்திரையாகியிருப்பான். ஒருமுறை மாட்டின் கொம்புக்கும் என் கைபிடிக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. அதற்குப் பிறகு இரவில் மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை.

பட்டா என்கிற சின்ன லொறியில் பின்னால் ஏறிப் போகலாமே என்று பெடியள் கேட்பார்கள். சாமான் ஏற்றும் வாகனத்தில் ஆட்களை ஏற்றினால் பொலிஸ் மறிக்கும், மறிக்கத்தான் வேண்டும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டி, வட்டக்கச்சியிலிருந்து தர்மபுரம் போகிற தூரத்துக்குத்தான் அழகு.

ஹயஸுக்கு வருவோம். பதினாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு வருவது பஸ் காசைவிடக் கூட, ஆனால் தாங்கக்கூடியது. சேர்ப்பதுதான் பாடு. முதல்நாள் இரவு பதினெட்டுப் பேர் "நான் வாறன்" என்பார்கள். காலையில் பதினொரு பேர். வராத மூவரின் காசு வந்தவர்களின் தலையில். வீரர்களும் அதே வாகனத்தில் வந்தால் முன் ஆசனங்கள் அவர்களுக்கு. ரசிகனுக்கு மடக்கு ஆசனம், காலடியில் பூட்ஸ் மூட்டை. வென்றால் ஊர் எல்லையிலிருந்து வெடி, பாட்டு, கோப்பையை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தல். தோற்றால் வெள்ளாங்குளம்வரை யாரும் மூச்சுவிடமாட்டார்கள். அதற்குப் பிறகு யார் யாருக்குப் பந்து போடவில்லை என்ற விசாரணை தொடங்கும். ஒருமுறை ஒருவன் மன்னாரில் கருவாடு மலிவென்று இரண்டு கிலோ வாங்கி ஆசனத்துக்குக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் இருந்தான். யன்னலெல்லாம் பூட்டி ஏசி போட்ட வாகனம். அன்றைக்குத் தோல்வியை விசாரிக்கவே யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இவ்வளவும் இருந்தும் என் வாக்கு ஹயஸுக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாகனத்தைப் பார்க்காதீர்கள், சாரதியைப் பாருங்கள். முதலில் எங்களுக்கு வாய்த்தவர் நல்ல மனிதர், நிதானமான ஓட்டம். ஆனால் உதைபந்தாட்டம் அவருக்கு இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு அடிபடுவது. இடைவேளைக்கே வந்து, "தம்பியவை, இன்னும் எவ்வளவு நேரம்?" என்பார். ஆட்டம் நீண்டால் காத்திருப்புக் காசு. அவரோடு போவதற்கும் பஸ்ஸில் போவதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இப்போது போகிற அண்ணை அப்படியில்லை. பெனால்டி என்றால் எங்களுக்கு முன்னால் கோலுக்குப் பின்னால் போய் நிற்பது அவர்தான். "இது முடியாமல் ஆர் போறது?" என்பார். நித்திரை வராமல் இருக்க வழியில் எங்களோடு ஆட்டத்தையே திரும்ப விளையாடுவார், மாடு எங்கே படுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

போய்ச் சேர்ந்த பிறகு எங்கே நிற்பது என்பதிலும் இரண்டு கட்சி. லண்டனில் இருக்கும் என் மச்சான் வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் படம் அனுப்புவான். அங்கே பிரிமியர் லீக்கில் வருகை தரும் அணியின் ரசிகருக்கு 3,000 ரிக்கெற், சிறிய மைதானம் என்றால் இருக்கைகளில் பத்தில் ஒரு பங்கு என்று ஒதுக்க வேண்டுமாம். விலையும் 2016 முதல் 30 பவுணுக்கு மேல் போகக்கூடாதாம். அவனுக்குத் தனி மூலை, தனி வாசல். எங்களுக்கு ஒதுக்கீடு ஒரு கயிறும் ஒரு வாகை மரத்து நிழலும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் உள்ளூர் அம்மம்மா ஒருவர் கதிரை போட்டிருந்து, எங்கள் பின்கள வீரனுக்கு எங்களைவிட நல்ல யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். மன்னார்க் கரையில் ஆட்டம் தெரியாத ஆள் என்று யாரையும் நினைத்துவிடக்கூடாது.

பெடியள் கட்சி கோலுக்குப் பின்னால். பெரியவர்கள் கட்சி நடுக்கோட்டு நிழலில். நான் இரண்டும் இல்லை. காற்று வரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் கொள்கை. காற்றுக்கு எதிரே நின்று கத்தினால் குரல் நம் வாய்க்கே திரும்பும், காற்றோடு கத்தினால் மைதானம் முழுக்கப் போகும். 100 மெகாவாட் காற்றாலை நிறுத்தியிருக்கும் தீவு அது, காற்றை விளையாட்டாக எண்ணக்கூடாது. உள்ளூர் அணிக்கு இது நன்றாகத் தெரியும். நாணயச் சுழற்சியில் வென்றவர் முன்பு பக்கம் மட்டும்தான் கேட்கலாம். 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு பக்கமோ முதல் உதையோ எதையும் கேட்கலாம். ஆனாலும் அவர்கள் கேட்பது பக்கம்தான். காற்றோடு விளையாடி, முதல் பாதியிலேயே தூரத்திலிருந்து இரண்டு அடித்துவிடுவார்கள். இரண்டாம் பாதியில் காற்று நமக்கு வரும்போது பந்தை எல்லைக்கு வெளியே அடித்து நேரம் போக்குவார்கள். நாமும் எங்கள் ஊரில் வேறு விதமாக அதைத்தான் செய்கிறோம் என்பதால் நான் பெரிதாகக் குறை சொல்வதில்லை.

முல்லைத்தீவு ஆட்டம் என்றால் கணக்கு வேறு. பரந்தனிலிருந்து ஏ-35 இல் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி வட்டுவாகல் வழியாக இறங்கிவிடலாம். தூரம் மன்னாரில் பாதி. அங்கே மோட்டார் சைக்கிள் போதும், பகல் ஆட்டம் என்றால் பஸ்ஸும் போதும். ஏ-9 இல் மாங்குளம் போய் ஒட்டுசுட்டான் வழியாகச் சுற்றுவதற்கு இருபது கிலோமீற்றர் கூட, ஆனால் அந்த வழியில் முறிகண்டி இருக்கிறது. பெரியவரின் வாய்ப்பாடு மறுபடி வெளியே வரும்.

வந்துவிட்டது. அடுத்த ஆட்டம் முல்லைத்தீவில் என்று தெரிந்ததும் கழகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நேற்று ஹயஸ் அண்ணைக்கு அழைப்பெடுத்து, "அண்ணை, பரந்தனால போறமா, மாங்குளத்தால போறமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது கிடக்கட்டும். கோலுக்கு ஆரை நிப்பாட்டுறியள்?" என்றார்.