குழாயில் கசிவே இல்லை, ஆனாலும் 46,500 ரூபாய் போனது

சென்னையில் மேடவாக்கம், சித்தாலபாக்கம், பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குளியலறைக் கசிவுக்கு இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட விளம்பர எண்ணைக் கூப்பிட்டு நான் ஏமாந்த கதை இது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மார்ச் கடைசியில் கீழ்வீட்டு அக்கா மேலே வந்தார். "உங்க பாத்ரூம்ல ஏதோ லீக்கும்மா, எங்க சீலிங்கைக் கொஞ்சம் வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தால், அவர்கள் குளியலறை மேல்தளத்தில் தோசைக்கல் அளவுக்கு ஓதம். நடுவில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அக்கா கத்தவில்லை, முறைக்கவும் இல்லை. அதனாலேயே எனக்கு அவசரம் கூடிவிட்டது. அன்றைக்கே சரிசெய்துவிட வேண்டும் என்று கைபேசியை எடுத்தேன். "24 மணி நேர சேவை, வந்து பார்க்க 199 ரூபாய்" என்று இருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் மாதிரி இருந்தவர் பையிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்துச் சுவரில் வைத்தார். கீச்சென்று கத்தியது. ஓரடி தள்ளி வைத்தார், மறுபடி கத்தியது. "பாருங்க மேடம், சுவருக்குள்ள பைப் முழுக்க லீக். ஸ்கேன்லயே தெரியுது." அது ஈரம் அளக்கும் கருவி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தினம் நாலு பேர் குளிக்கும் அறையில் எந்தச் சுவரில் வைத்தாலும் அது கத்தத்தான் செய்யும். ஈரம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எங்கிருந்து வந்த ஈரம் என்று அதற்குத் தெரியாது. அந்தக் கீச்சொலிக்குத் தனியாக 2,500 ரூபாய்.

அடுத்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வாளியில் முக்கினார். 1,680. "இந்தத் தண்ணி பைப்பையே தின்னுடும் மேடம்." எங்கள் போர் தண்ணீர் இப்படித்தான் என்பது எங்களுக்குப் பல வருடமாகத் தெரியும், குடிக்கக் கேன் தண்ணீர்தான். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் டிடிஎஸ் 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. அது குடிக்கிற தண்ணீருக்கான அளவு. பிளாஸ்டிக் குழாயில் ஓட்டை விழுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

சுவரைக் கொஞ்சம் உடைத்து, வெந்நீர்க் குழாயில் ஒரு சாண் வெட்டி என் கையில் கொடுத்தார். உள்ளே சுற்றிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. அதோடு நான் விழுந்துவிட்டேன். அந்த உப்பு பொய்யில்லை. கடினநீர் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து படியும், அதனால் கீசரிலும் வெந்நீர் லைனிலும்தான் முதலில் சேரும். எங்கள் ஏரியாவில் எந்த வீட்டுக் குழாயை வெட்டினாலும் அது இருக்கும். அது இருப்பதால் தண்ணீர் மெதுவாக வரலாம், ஷவர் துளை அடைக்கலாம். கசிவுக்கு அது சாட்சி ஆகாது. அந்த ஆள் எனக்குக் காட்டியதெல்லாம் உண்மை, சொன்னதுதான் பொய். அந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன்.

மொத்தம் 46,500 ரூபாய், முன்பணம் 30,000. ஜிபேயில் கேட்டார், நிறுவனத்துக்கு இல்லை, அவருடைய சொந்த எண்ணுக்கு. சரி என்று போட்டேன். மூன்று நாள் வேலை. பதினோரு டைல்ஸ் உடைந்தது. "கிட்டத்தட்ட அதே கலர்" என்று ஒட்டியது இப்போது சுவரில் கட்டம் போட்ட மாதிரி தனியாகத் தெரிகிறது. கடைசி நாள் சாயந்திரம், பூச்சு காய்வதற்கு முன்பே, "ஓடிபி சொல்லுங்க மேடம், வேலையை க்ளோஸ் பண்ணணும்" என்றார். சொன்னேன். அந்த ஆறு எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கடைசியில் சொல்கிறேன்.

பன்னிரண்டாவது நாள் கீழ்வீட்டு அக்கா மறுபடி வந்தார். அதே இடம், அதே சொட்டு. வேலை செய்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், வருகிறோம் என்றார்கள், பிறகு எடுக்கவே இல்லை.

அப்புறம்தான் எங்கள் தெரு ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லி ஒரு பிளம்பர் அண்ணன் வந்தார். அறுபது வயது இருக்கும். கையில் மெஷின் எதுவும் இல்லை. வந்ததும் என் குளியலறைக்குள்கூடப் போகாமல் கீழே போய் அக்காவிடம் கேட்டார்: "எப்பவும் சொட்டுதாம்மா, இல்ல இவங்க குளிச்ச பிறகு சொட்டுதா?" அக்கா யோசிக்கவே இல்லை. "காலைல ஒம்பது மணிக்கு மேல ஜாஸ்தி. இவங்க ஊருக்குப் போயிருந்தப்போ நின்னு போச்சே." இதை நான் முதல் நாளே கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

அண்ணன் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். தண்ணீர் வரும் குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும், மேல்தொட்டியின் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அதில் ஓட்டை என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் சொட்டும். தண்ணீர் போகும் வழியில் ஓட்டை என்றால், புழங்கினால்தான் சொட்டும். "பாத்ரூமை ரெண்டு நாள் பூட்டிடும்மா. மாடி வால்வை மட்டும் மூடாதே." இன்னொரு குளியலறையில் சமாளித்தோம். மூன்றாம் நாள் காலை கீழே சொட்டு நின்றிருந்தது. குழாயில் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆக, 46,500 ரூபாய்க்கு மாற்றிய குழாயில் முதலிலிருந்தே கோளாறு இல்லை.

பிறகு நஹானி டிராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியே போகும் குழியை, துணியால் இறுக்கி அடைத்து, தரையில் ஓரங்குலம் தண்ணீர் கட்டி ஒரு ராத்திரி விட்டார். கீழே ஒன்றுமில்லை, டைல்ஸ் சந்து தப்பித்தது. அடுத்த நாள் சாயந்திரம் அரை வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலக்கி நேராக டிராப்புக்குள்ளேயே ஊற்றினார். காலை ஏழு மணிக்கு அக்கா போன்: "ஏம்மா, எங்க சீலிங்ல நீலமா இறங்குது!" அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

டிராப்பைச் சுற்றி நாலு டைல்ஸ் எடுத்துப் பார்த்தால், டிராப்பும் வெளியே போகும் குழாயும் சேருகிற இடத்தில் இணைப்பு விட்டிருந்தது. புது டிராப், சுற்றி வாட்டர்ப்ரூஃப் பூச்சு, சந்தில் எபாக்சி. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். சாமானுக்குக் கடை பில்லைத் தனியாகக் கொடுத்தார்.

கதை அதோடு முடியவில்லை. சுவர் உடைத்திருந்தபோது கணவருக்கு அனுப்ப நான் எடுத்த ஒரு படம் கைபேசியில் இருந்தது. அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வெந்நீர் லைன் எதும்மா?" என்றார். இரண்டு குழாயும் பளிச்சென்று வெள்ளை. வெந்நீருக்குப் போடும் சிபிவிசி சந்தன நிறத்தில் இருக்கும், உடம்பிலேயே ஐஎஸ் 15778 என்று அச்சிட்டிருக்கும். வெள்ளையாக வரும் யூபிவிசி பச்சைத் தண்ணீருக்குத்தான். வெந்நீர் 60 டிகிரியை நெருங்கினால் அது இளகத் தொடங்கும். பால்கனியில் அவர்கள் விட்டுப்போன துண்டும் வெள்ளைதான். பில்லில் இரண்டுக்கும் சிபிவிசி விலை. கீசரை இப்போது சூட்டைக் குறைத்து வைத்து ஓட்டுகிறோம். சுவரை இன்னொரு முறை உடைத்துத்தான் ஆக வேண்டும். சுவரை மூடுவதற்கு முன் குழாயில் எழுதியிருப்பது தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்து வையுங்கள். என்னைக் காப்பாற்றப்போவது தற்செயலாக எடுத்த அந்த ஒரு படம்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். நிறுவனத்திடமிருந்து ஒரே வரியில் பதில்: வாடிக்கையாளர் ஒப்புதலோடு வேலை முடிக்கப்பட்டது. அந்த ஓடிபிதான் ஒப்புதல். கீழ்வீட்டு சீலிங் ஒரு வாரம் காய்ந்து கிடப்பதைப் பார்க்காமல் ஓடிபியைச் சொல்லிவிடாதீர்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், ஜிபே ரசீது, வெள்ளைக் குழாய்த் துண்டு, அந்தப் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கீழே ஓதம் காய்ந்துவிட்டது. நீலக் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. பெயின்ட் செலவை எப்போது தருவாய் என்று அக்கா நேற்றுதான் கேட்டார்.