பித்தளைப் பிடியா, எஃகுப் பிடியா? பாட்டன் வாளுக்கு வயது பார்ப்பது

பிரிட்டனில் பட்டாளத்துக் குடும்பங்களின் பரணிலிருந்து அடிக்கடி இறங்குவது காலாட்படை அதிகாரியின் வாள். அதில் இரண்டு ரகத்தைத்தான் சட்டென்று பிரிக்கத் தெரிய வேண்டும். 1822 பேட்டர்னில் (அதாவது அந்த ஆண்டில் ராணுவம் ஏற்ற வடிவத்தில்) கைக்காப்பு முலாம் பூசிய பித்தளைக் கம்பிகளால் ஆனது. நடுவே நீள்வட்டத்துக்குள் அரச முத்திரை எழுத்து. 1897 பேட்டர்னில் கொடிவேலை குடைந்த எஃகுத் தகடு. (வெள்ளைப் பிடியும் சிங்கத் தலையும் இருந்தால் அது கடற்படை வாளாக இருக்கலாம், அது வேறு கதை.)

“வாட்டர்லூவில் சுழற்றிய வாள்” என்று வீட்டில் சொல்வார்கள். வாட்டர்லூ நடந்தது 1815இல். இந்தப் பித்தளைப் பிடி வந்ததோ 1822இல்!

பித்தளையில் முத்திரை அதிகம் உதவாது. ‘விஆர்’ என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. பிடி மாறியது 1895இல். அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. எனவே கைக்காப்பின் உட்பக்கத்தைப் பாருங்கள். கீல் வைத்து மடங்கும் சிறு தகடு இருந்தால் பழசு. வாள் உடம்போடு ஒட்டித் தொங்கட்டும் என்று வைத்தது, 1850களின் நடுவில் கைவிட்டார்கள். அலகின் முதுகில் உருண்டைக் கம்பி ஓடினால் பெரும்பாலும் 1845க்கு முந்தையது. பக்கவாட்டில் பள்ளம் இருந்தால் அதற்குப் பிந்தைய, வாள் தயாரிப்பாளர் வில்கின்சனின் மாதிரி. கிரிமியப் போர்க் (1853–56) கதைக்கு இந்தப் பள்ள அலகு பொருந்தும். பித்தளைப் பிடியில் குத்துவதற்கான நேர் அலகைக் கண்டால் ஒட்டுவேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1892க்கும் 1895க்கும் நடுவே முறைப்படி வந்த கூட்டணி அது. புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும்.

எஃகில் முத்திரையே பாதி வேலையை முடித்துவிடும். ‘விஆர்’ என்றால் 1901க்குள். வாளுக்குரியவர் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் (1899–1902) போனவராக இருக்கலாம். ஏழாம் எட்வர்ட் என்றால் 1901–1910. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910–1936. உட்பக்க விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருந்தால் 1897. மடியாவிட்டால் 1895 மாதிரி. சீருடை தேய்ந்து நைந்துபோகிறது என்றுதான் மடித்தார்கள்.

பிடிக்குக் கீழே அலகில் பதித்த ஆறுமுனை நட்சத்திரத்தைப் பார்த்ததும் ‘வில்கின்சன்!’ என்று துள்ள வேண்டாம். மற்ற தயாரிப்பாளர்களும் அதைப் போட்டார்கள். பெயர் அலகில் இருக்க வேண்டும். அலகின் முதுகில், பிடியை ஒட்டி, ஓர் எண்ணும் இருந்தால் யோகம். வில்கின்சனின் பழைய பதிவேடுகளில் அந்த எண்ணுக்கு நேரே ஆண்டும், பல சமயம் வாங்கியவர் பெயரும் கிடைக்கும்.

1897 பேட்டர்ன் இன்றும் அணிவகுப்பில் இருப்பதால் ‘சாதாரணம்’ என்று தள்ளுபவர்கள் உண்டு. அலங்காரத்துக்கு என்றால் பித்தளைதான். ஆனால் ஒரு பக்கம் பெயரில்லாத பளபளப்பான பித்தளை வாள், மறுபக்கம் எண்ணும் பாட்டனின் பெயர் முதலெழுத்துகளும் உள்ள துருவேறிய எஃகு வாள் என்று வந்தால், நான் எஃகைத்தான் எடுப்பேன்.