தியேட்டர் மேல் மாடியிலயா, கீழயா?
பழைய கட்டடத்தை இடிச்சிட்டு கடை, ஆபீஸ், வீடு, தியேட்டர்னு எல்லாத்தையும் ஒண்ணா கட்டுறாங்கன்னா முதல் சண்டையே தியேட்டர் எந்த மாடியிலன்னுதான்.

மேல வெச்சா இன்ஜினியருக்கு நிம்மதி, ஏன்னா ஹால் நடுவுல தூண் வரக்கூடாது, மேல வேற மாடி இல்லன்னா கூரையை மட்டும் ஸ்டீல் டிரஸ் (முக்கோணம் முக்கோணமா கோர்த்த இரும்புச் சட்டம்) போட்டு தாங்கிக்கலாம், இதே கீழ வெச்சா மேல இருக்கற மாடிங்களோட தூணெல்லாம் ஹால் தலைமேல வந்து நிக்கும், அத்தனை பாரத்தையும் சைடுக்கு தள்ள ராட்சச பீம் வேணும், செலவு எகிறிடும். கூட்டமும் எஸ்கலேட்டர்ல கடைகளை தாண்டித்தான் மேல போகும், கடைக்காரங்களுக்கு அதான வேணும்!

ஆனா படம் விட்டதும் பாருங்க, மொத்த ஹாலும் லிஃப்ட் முன்னாடி நிக்கும். நைட் ஷோ முடியறப்ப கடையெல்லாம் ஷட்டர் போட்டிருப்பாங்க, வெளிய போக தனி வழி விட்டே ஆகணும். கீழன்னா கதவை திறந்தா ரோடு, அவ்ளோதான். என்ன, ரோட்டுப் பக்கம் ஜன்னலே இல்லாத மொட்டை சுவரா நிக்கும்.

சத்தம் ரெண்டுலயும் தலைவலிதான், சப்வூஃபர்ங்கற பெரிய பேஸ் ஸ்பீக்கரோட அதிர்வு கான்கிரீட் ஸ்லாப் வழியா வீட்டுக் கட்டில் வரைக்கும் வரும், ஹால் தரைக்கு அடியில ரப்பர் பேட் வெச்சு, ஸ்லாப்பை நேரா தொடாம தனியா மிதக்கற மாதிரி விடணும்.

என் ஓட்டு மேல் மாடிக்குத்தான், அதுக்கு நேர் கீழ வீடு இல்லாம ஆபீஸ் இருந்தா.