குளிர்காலப் படகுப் பயணத்தில் லைஃப் ஜாக்கெட்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

குளிர்காலத்திலும் சிறு படகு ஓட்டும் பழக்கமுள்ள நான், ஃபோம் நிரப்பிய லைஃப் ஜாக்கெட்டையும், தண்ணீரில் விழுந்ததும் வாயு நிரம்பி உப்பிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டையும் பல ஆண்டுகளாக மாறி மாறி அணிந்து வருகிறேன். வாங்கிய புதிதில் எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் வெயில் காலத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. கனத்த உடைகளுக்கு மேல் மாட்டும்போதும், விரல்கள் விறைத்திருக்கும்போதும், ஈரத்தோடு பல பருவங்கள் கழிந்த பிறகும் ஒரு ஜாக்கெட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிய முடிவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில் நான் ஃபோம் வகையையே அணிகிறேன், அதையும் கரையில் நிற்கும்போதே மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகே படகில் கால் வைக்கிறேன்.

இந்த முடிவுக்கான முதல் காரணம் தண்ணீரின் இயல்பில் இருக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், குளிர்நீரில் விழுந்தவர் உடல் வெப்பத்தை இழந்தே இறப்பார் என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த ஆபத்து உண்மையானதுதான்; ஆனால் அது வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்கு வெகு முன்பே வருவது மூச்சைப் பற்றிய ஆபத்து. 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால், தோல் குளிர்ந்த அக்கணமே, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் வாய் திறந்து ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றாக இருக்காது. அதைத் தொடர்ந்து மூச்சு வாங்கும் வேகம் பல மடங்கு கூடுகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. சாதாரண நேரத்தில் ஒரு நிமிடம் மூச்சை அடக்க வல்லவரால்கூட, மிகக் குளிர்ந்த நீரில் பத்து விநாடி அடக்க முடிவது அரிது. நீச்சல் திறமைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரில் உடலின் நிலையை ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட், இதை 1-10-1 என்ற எளிய கணக்காகத் தந்திருக்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்கும் காலம் ஏறத்தாழ 10 நிமிடம். உறைநிலையை ஒட்டிய நீரிலும் நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் அணியாதவருக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரம் கிடைப்பதே இல்லை என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. பத்து நிமிடத்தில் கைகள் ஓய்ந்தபின் அவரைத் தண்ணீருக்கு மேல் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இருக்காது.

இதனால்தான், ஜாக்கெட்டைப் படகின் இருக்கைக்கடியில் வைத்திருப்பதை நான் பாதுகாப்பு ஏற்பாடாகக் கருதுவதில்லை. பயன்படும் அந்த ஒரு நிமிடத்தில் அதைத் தேடி எடுத்து, நீரில் மிதந்தபடி, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டே கைகளை நுழைத்துப் பக்கிளைப் பூட்ட ஒருவராலும் முடியாது. அமெரிக்கக் கடலோரக் காவற்படை ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துக் கணக்குகளில், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தோரில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்களாகவே இருந்து வருகிறார்கள். நியூயார்க் மாநிலச் சட்டம் நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைவான படகுகளில் வயது வேறுபாடின்றி எல்லோரும் ஜாக்கெட் அணிந்தே தீர வேண்டும் என்கிறது. ஜாக்கெட் படகில் இருந்தால் போதும் என்ற கோடைகால விதியைப் பெரியவர்களுக்கும் பொருந்தாததாக்கும் இந்தப் பருவக்கால வேறுபாடு மிகச் சரியானது என்பது என் கருத்து.

இனி ஃபோம் வகையைப் பற்றி. கோடையில் இதன்மேல் எனக்கிருந்த குறைகள் அனைத்தும் குளிர்காலத்தில் நிறைகளாகிவிட்டன. மார்பையும் முதுகையும் தடித்த ஃபோம் மூடுவதால் எதிர்க்காற்று உடலைத் தொடுவதில்லை. துடுப்புப் போடாமல் நெடுநேரம் அமர்ந்திருக்கும்போது இந்தக் கதகதப்பின் அருமை தெரியும். தண்ணீருக்குள்ளும் அதே ஃபோம் மார்புப் பகுதியின் வெப்பம் விரைந்து வெளியேறுவதை ஓரளவு தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மிதப்பதற்கு எதுவும் இயங்க வேண்டியதில்லை. உடைய ஒரு விசை இல்லை, தீர்ந்துபோக ஒரு சிலிண்டர் இல்லை. விழுந்த கணத்திலேயே அது வேலை செய்கிறது. அந்த முதல் மூச்சு நீருக்கு மேலேயே நிகழ வேண்டும் என்றால் எனக்குத் தேவைப்படுவது இதுதான்.

குறைகளும் உண்டு. கனத்த கம்பளிச் சட்டைக்கும் மழைக்கோட்டுக்கும் மேல் மாட்டும்போது உடம்பு பருத்து, கயாக் போன்ற குறுகிய படகில் திரும்பிப் பார்ப்பதே கடினமாகிறது. நீண்ட நேரம் துடுப்புப் போட்டால் உள்ளே வியர்த்து, நின்றதும் அந்த ஈரம் குளிர்கிறது. பருத்தி உடைக்குப் பதிலாகக் கம்பளியோ செயற்கை இழை உடையோ அணிந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. இதைவிட முக்கியமான குறை ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: துடுப்புப் போடுவோர் விரும்பும் 50 நியூட்டன் மிதப்புத்திறன் கொண்ட இலகுவான வகை, நினைவிழந்தவரை முகம் மேலாகத் திருப்பிவிடும் என்ற உறுதி கிடையாது. அது நினைவோடு இருப்பவருக்கு உதவும் மிதவை மட்டுமே. கரை அருகிலேயே இருக்கும் அமைதியான நீருக்கு அது போதும். தனியாகவோ கரையை விட்டு விலகியோ போகும் நாட்களுக்குக் கழுத்துப்பட்டை உள்ள 100 நியூட்டன் ஃபோம் ஜாக்கெட்டை வைத்திருக்கிறேன். அணிவதற்கு அது சற்று அசௌகரியமானது. ஆனால் தலையை ஏந்திப் பிடிக்கும் விதம் வேறு.

வாயு நிரப்பும் வகையின் சுகத்தை நான் மறுக்கவில்லை. தோளில் ஒரு பட்டை கிடப்பதுபோல் இருக்கும். நாள் முழுதும் அணிந்திருப்பதே மறந்துபோகும். 150 நியூட்டன் அளவுள்ள அது விரிந்துவிட்டால், மிதப்பதிலும் முகத்தை மேலே திருப்புவதிலும் என் ஃபோம் ஜாக்கெட்டைவிட மேலானது. என் தயக்கம் அது விரியும் வரையிலான நேரத்தைப் பற்றியது. சிலிண்டரில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார். 0 டிகிரியில் அது சுமார் 35 பாராகக் குறைந்துவிடுகிறது. கடுங்குளிரில் பை மெதுவாக நிரம்புவதையும், முழுதாக விறைக்காமல் தொய்ந்து நிற்பதையும் சோதனைக்காக ஊதிப் பார்த்தபோதெல்லாம் கண்டிருக்கிறேன். மிச்சத்தை வாயால் ஊதி நிரப்புவதற்கு ஒரு குழாய் இருக்கிறது. ஆனால் குளிர்நீரில் விழுந்த முதல் நிமிடத்தில், தன் மூச்சே தன் வசமில்லாத ஒருவர் எப்படிக் குழாயில் ஊதுவார்? கயிற்றை இழுத்து இயக்கும் வகைக்கும் இதே கேள்வி பொருந்தும். அதிர்ச்சியில் இருக்கும் கை அந்தக் கயிற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தானாக இயங்கும் வகையில், நீர் பட்டதும் கரையும் மாத்திரை ஒன்று விசையை விடுவிக்கிறது. மழையிலும் தெறிக்கும் அலையிலும் நனைந்து, அல்லது ஈரமான பெட்டியில் கிடந்து, அது தேவையற்ற நேரத்தில் விரிந்துவிடுவதுண்டு. நீரின் அழுத்தத்தை உணர்ந்து இயங்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல். எந்த வகையானாலும் மாத்திரை, விசை ஆகியவற்றின் காலாவதித் தேதியைப் பருவத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சிலிண்டரைக் கழற்றி எடை போட்டு, அதன்மேல் பொறித்த எடையோடு ஒப்பிட வேண்டும். இத்தனை பராமரிப்பையும் தவறாமல் செய்பவர்களுக்கே நான் இதைப் பரிந்துரைப்பேன். குளிருக்காக இதன்மேல் கோட்டைப் போட்டுக்கொள்வதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. உள்ளே பை விரிந்தால் மார்பு நெரியும், அல்லது பை விரியவே இடமிருக்காது. எந்த ஜாக்கெட்டானாலும் எல்லா உடைகளுக்கும் மேலே இருக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, கடையில் மெல்லிய சட்டையோடு போட்டுப் பார்த்து வாங்குவது குளிர்காலத்துக்கு உதவாது. அணியப்போகும் அத்தனை உடைகளையும் போட்டுக்கொண்டு, பட்டைகளை இறுக்கி, இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடைக்கு மேல் ஏறினால் அது தண்ணீரிலும் ஏறும். உடல் அதற்குள்ளிருந்து கீழே நழுவும். தொடைகளுக்கிடையே போகும் பட்டையைப் பலர் அசௌகரியம் என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டை இல்லாவிட்டால், நல்ல ஜாக்கெட்டும் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் நிறுத்தத் தவறும். குழந்தைகளுக்கு அது இல்லாத ஜாக்கெட்டை நான் ஏற்பதே இல்லை. டிரை சூட் எனப்படும் நீர் புகாத முழு உடையை அணிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதற்குள் தங்கும் காற்று, ஜாக்கெட் உடலைத் திருப்புவதற்கு எதிராக வேலை செய்யக்கூடும், 275 நியூட்டன் வகை இருப்பது இதற்காகவும்தான்.

ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும், கரையோரம் நெஞ்சளவு நீரில், கயிற்றோடு ஒருவர் பக்கத்தில் நிற்க, முழு உடையோடு இறங்கிப் பார்ப்பது என் வழக்கம். முழங்கால்களை மார்போடு சேர்த்து, கைகளை விலாவோடு அணைத்து வெப்பத்தைக் காக்கும் நிலையில் இருக்க ஜாக்கெட் இருந்தால்தான் முடிகிறது என்பதை அங்கே உணரலாம். படகுக்குள் மீண்டும் ஏறுவதுதான் கடினமான பகுதி. ஃபோமின் மார்புப் பகுதி படகின் விளிம்பில் தட்டித் தடுக்கிறது. விரிந்த வாயுப்பை அதைவிட அதிகமாகத் தடுக்கிறது. கால் வைத்து ஏற ஒரு கயிற்று வளையத்தைப் படகின் பின்புறம் கட்டி வைத்த பிறகு இது வெகுவாக எளிதாயிற்று. விசிலைத் தோள்பட்டையில், வாய்க்கு எட்டும் உயரத்தில் கட்டியிருக்கிறேன். பைக்குள் இருக்கும் விசிலை விறைத்த விரல்களால் எடுக்க முடியாது. ஜிப்பின் நுனியிலும், கையுறையோடு பிடிக்கும்படி, தடித்த கயிற்றுத் துண்டு ஒன்றைக் கோத்திருக்கிறேன்.

ஃபோம் ஜாக்கெட்டின் ஆயுள் அதைப் பேணும் விதத்தில் இருக்கிறது. மேலே உட்கார்ந்தாலும் பாரம் வைத்தாலும் ஃபோம் அமுங்கி மிதப்புத்திறன் குறையும். ஹீட்டர் அருகே உலர்த்தினால் அது கெட்டுப்போகும். காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுவதே சரி. வெயிலில் நிறம் வெளுத்த துணியும் பட்டைகளும் பார்வைக்குத் திடமாக இருந்தாலும் இழுத்தால் கிழியக்கூடும் என்பதால், தையல்களைக் கையால் இழுத்துப் பார்க்கிறேன். இப்போது நான் அணியும் ஜாக்கெட்டின் தோள்பட்டைத் துணி வெளுக்கத் தொடங்கிவிட்டது. தண்ணீர் குளிர்வதற்குள் அதை மாற்றிவிடுவேன். புதியதிலும் ஃபோமையே தேடுகிறேன். இடுப்போடு முடியும் உயரமும், பின்புறம் தாழ்ந்த இருக்கைக்கு இடம்விடும் வெட்டும், இருட்டில் மின்னும் பிரதிபலிப்புப் பட்டையும் அதில் இருக்க வேண்டும்.