பி.எஸ்.ஏ. எம்20: ஐந்து வருஷமும் ஒரு எஃகு குண்டும்

வில்லியனூரிலிருந்து நண்பன் போன வாரம் போன் செய்தான். அவன் மாமனாருக்குத் தெரிந்தவர் கொட்டகையில் ஒரு பி.எஸ்.ஏ. எம்20, அதாவது போர்க்காலத்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள், கிடக்கிறதாம், ஆர்.சி. கூட இருக்கிறதாம். "வாங்கட்டுமா மச்சான்?" என்று கேட்டான். நான் அப்போது முழங்கை வரை ஆயிலோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். "வேண்டாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் கேட்ட நேரம் அப்படி. ஐந்து வருஷமாக அதே மாடல் வண்டியோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடித்தனம் நடத்துகிறவன் ஒரே வார்த்தையில் முடித்திருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நடந்தது இது. தங்கை பிரசவத்துக்காகச் சேலத்தில் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தேன். வந்த ஆசையில் ஆயில் டேங்கைப் பார்க்காமல் கிக்கரை மிதித்தேன். மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி சைலன்சரிலிருந்து வந்த புகையில் எதிர்வீடே தெரியவில்லை. இன்ஜின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியாகத் தள்ளிய ஆயில் அம்மா போட்டிருந்த கோலத்தின் மேல் பரவியது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு வீசிங் உண்டு. அவர் அவசரமாக ஜன்னலைச் சாத்தியதைப் பார்த்தபோது எனக்கு வண்டி மேலிருந்த ஆசை அத்தனையும் அறுந்துபோயிற்று.

காரணம் எளியது. இந்த வண்டியில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் தங்காது. தனி டேங்கில் இருக்கும். பம்புக்குள் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்கள். ஒரு ஜோடி டேங்கிலிருந்து ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பும், இன்னொரு ஜோடி கீழே வடிந்ததை உறிஞ்சி டேங்குக்கே திருப்பும். ஓடும்போது குறையே சொல்ல முடியாது. நிற்கும்போதுதான் வினை. டேங்க் மேலே, பம்பு கீழே. பல்சக்கர இடுக்கு வழியாக ஆயில் தானாகவே இன்ஜினின் அடி அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதைத் தடுக்க, கொண்டைக்கடலையைவிடச் சின்னதாக ஒரு எஃகு குண்டும் அதன்மேல் ஒரு ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறார்கள். அந்தக் குண்டு உட்காரும் இடத்தில் ஒரு பொட்டு அழுக்கோ தேய்மானமோ இருந்தால் போதும், டேங்க் மெல்லக் காலியாகிவிடும். அப்படிக் கீழே சேர்ந்த ஆயில்தான் அன்று புகையாகவும் ஒழுகலாகவும் வெளியே வந்தது.

ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கீறி, டேங்குக்குள் விட்டு அளந்து பார்த்திருக்கிறேன். மார்கழியில் பத்து நாளில் இறங்குகிற அளவு, கத்திரி வெயிலில் நாலே நாளில் இறங்கிவிடும். சூட்டில் ஆயில் நீர்த்துப் போகிறது அல்லவா.

சரி செய்யப் பார்க்காமல் இல்லை. கண்ணாடித் தட்டில் வால்வு பேஸ்ட் தடவி பம்பின் முகத்தை எட்டுப் போட்டுத் தேய்த்தேன். முதுநகரில் மீன்பிடிப் படகு இன்ஜின்களுக்கு வேலை செய்யும் லேத்காரர் ஒருவர், "தம்பி, புதுக் குண்டை வச்சு பித்தளைக் கம்பியால ஒரே ஒரு தட்டு தட்டுங்க. அப்புறம் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொரு புதுசு போடுங்க" என்றார். தட்டின குண்டு உருண்டை கெட்டுவிடும், ஆனால் அது உட்கார்ந்த இடம் சுத்தமாகப் பதிந்திருக்கும். நாலு நாள் தாங்கினது மூன்று வாரம் தாங்கியது அந்த ஒரு தட்டில்தான். அதற்கு முன்னால் புதுப்பித்த பம்பு என்று சொல்லி ஒருவர் பார்சலில் அனுப்பினது என் பழைய பம்பைவிட மோசமாக ஒழுகியது. பணம் திரும்பி வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஆயில் பைப்பில் திறந்து மூடுகிற ஒரு டேப் (குழாய்த் திருகு) வைத்துவிடு என்று பலரும் சொல்கிறார்கள். திறக்க மறந்துவிட்டு ஓட்டினால் இன்ஜின் போச்சு. டேப் மூடியிருந்தால் ஸ்பார்க் தருகிற மேக்னெட்டோவை எர்த் செய்கிற மாதிரி ஒரு ஸ்விட்ச் சேர்த்துவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது என்பது உண்மைதான். ஆனால் சில்வர் பீச் உப்புக் காற்றில் அந்த ஸ்விட்ச் களிம்பேறி எர்த் ஆகவில்லை என்றால்? டேப் மூடியபடியே வண்டி கிளம்பிவிடும். ஸ்போக்குகளை மாதா மாதம் எண்ணெய்த் துணியால் துடைக்கிற ஊரில் அவ்வளவு நம்பிக்கை எனக்கில்லை.

மற்றபடி வீட்டிலேயே வேலை செய்ய இதைவிட நல்ல வண்டி கிடையாது. சைடு வால்வு, அதாவது வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டர் பக்கத்தில் இருப்பதால் ஹெட்டைக் கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்பானர்தான் முதலில் படுத்தியது. இதற்கு வேண்டிய விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பானரில் போட்டிருக்கும் எண் போல்ட்டின் தடிமனைச் சொல்கிறது, தலையின் அகலத்தை அல்ல. கால் அங்குல நட்டின் அகலம் 13.3 மில்லிமீட்டர் வரும். நம்மிடம் இருக்கும் 13 நுழையாது, 14 வழுக்கி முனையைத் தின்றுவிடும். திருப்பாதிரிப்புலியூரில் பழைய புல்லட் மெக்கானிக் ஒருவரிடம் அவர் அப்பா காலத்து செட் இருந்தது. 1956 முதல் திருவொற்றியூரில் செய்த புல்லட்டும் இதே பிரிட்டிஷ் அளவு வம்சம்தானே.

ஓட்டுகிற சுகத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். விடியற்காலையில் தேவனாம்பட்டினம் ரோட்டில் டாப் கியரில் சைக்கிள் வேகத்துக்குப் பக்கத்தில் போகும், ஒரு உதறல் இருக்காது. கைப்பிடி லீவரால் ஸ்பார்க்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் ஒவ்வொரு அடியையும் எண்ணலாம். போருக்காக பர்மிங்ஹாமில் லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய வண்டிக்குள் இப்படி ஒரு நிதானம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்கிய புதிதில் இன்ஜினைப் பிரித்தபோது பிளக் இல்லாத ஓட்டை வழியாகக் காற்று போய் சிலிண்டர் முழுக்கத் துரு. சிலிண்டரை உள்ளே கடைந்து போர் செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் பிஸ்டன் அடியில் நின்றிருந்ததால் பிஸ்டன் ராடின் அடிமுனையில் இருக்கிற பிக் எண்ட் பேரிங் கீழே தேங்கிய ஆயிலில் மூழ்கிக் கிடந்தது. பல வருஷம் கழித்தும் ஒரு துருப் புள்ளி இல்லை, விரலால் சுற்றினால் பட்டு மாதிரி சுற்றியது. நான் திட்டுகிற அதே ஒழுகல்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

இத்தனையும் தெரிந்தும் நண்பனிடம் மறுபடி வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். அவனுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. இந்த வண்டியை ஓட்டம் கெடுப்பதில்லை, நிற்பதுதான் கெடுக்கிறது. பெரியம்மா ஜன்னலை இன்னும் திறக்கவில்லை, அதுவும் மனதில் இருக்கிறது.

வாங்கியே தீருவேன் என்று அவன் நின்றால், கொட்டகையில் கிக்கரைத் தொட வேண்டாம். ஒரு அகலமான தட்டை அடியில் வைத்துவிட்டு, இன்ஜின் அடித் தகட்டின் நாலு நட்டை முதலில் கழற்றட்டும்.